நடையை அளக்கும் கேமரா

நடுக்குவாதம் எனப்படும் பார்க்கின்சன் நோயைப் பற்றி லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-இல் எழுதினார். அவர் விவரித்த ஆறு பேரில் சிலர் தெருவில் கண்ணில் பட்டவர்கள். ஒருவரைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி!

அன்று அவர் கண்ணால் பார்த்ததை இன்று கருவிகள் அளக்கின்றன. நடை ஆய்வுக்கூடத்தில் இடுப்பு, முழங்கால், கணுக்கால் போன்ற இடங்களில் ஒளியைத் திருப்பியனுப்பும் சின்னச் சின்ன உருண்டைகளை ஒட்டி நடக்கச் சொல்கிறார்கள். சுற்றிலும் அகச்சிவப்புக் கேமராக்கள். தரையில் பதித்த தகடு, பாதம் அழுத்தும் விசையை அளக்கிறது.

நடக்கும்போது ஒரு கை மட்டும் சரியாக வீசாமலிருப்பது பார்க்கின்சனின் ஆரம்ப அறிகுறிகளில் ஒன்று. நாமோ தோள்வலி என்று தைலம் தேய்த்துக்கொண்டிருப்போம். கேமரா அந்த வித்தியாசத்தை அளந்துவிடும்; நோய் இன்னதென்று சொல்ல வேண்டியவர் நரம்பியல் மருத்துவர்தான். மூளை முடக்குவாதமுள்ள குழந்தைகளுக்கு எந்தத் தசையில் அறுவை சிகிச்சை செய்வது என்று தீர்மானிக்கவும் இதே சோதனை உதவுகிறது.