ஜோன் சதர்லாந்தின் ஏழு ஆண்டுகள்



இன்று பட்டம் பெற்று வேலையில் சேரப் போகிற உங்களிடம் ஒரு பாடகியின் ஆரம்ப காலத்தைப் பற்றிப் பேச ஆசைப்படுகிறேன். ஜோன் சதர்லாந்து ஆப்பரா உலகம் கொண்டாடிய குரல். 1926இல் சிட்னியில் பிறந்தவர். தாயார் நல்ல பாடகி. அவர் சாதகம் செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டே சதர்லாந்து வளர்ந்தார். ஆனாலும் பள்ளியை விட்டதும் தட்டச்சு கற்று அலுவலக வேலைக்குத்தான் போனார். பாட்டுப் போட்டிகளில் பரிசு வென்ற பிறகே, 1951இல், லண்டன் ராயல் இசைக் கல்லூரியில் படிக்கக் கப்பலேறினார்.

லண்டனின் கோவென்ட் கார்டன் ஆப்பரா அரங்கம் குரல் தேர்வில் அவரை ஒரு தடவைக்கு மேல் திருப்பி அனுப்பியது. 1952இல் ஒருவழியாகச் சேர்த்துக்கொண்டது. முதலில் கிடைத்தது மொசார்ட்டின் ‘மாயப் புல்லாங்குழல்’ ஆப்பராவில் தோழி வேடம். அடுத்த மாதம் பெல்லினியின் ‘நோர்மா’. கதாநாயகி, பெரும் பாடகி மரியா காலஸ். அந்த அரங்கில் காலஸ் பாடிய முதல் ஆப்பரா அது. சதர்லாந்துக்கு நோர்மாவின் பணிப்பெண் க்ளோடில்டா வேடம். தனிப்பாட்டு எதுவும் கிடையாது, சில வரிகள்தான். ஆனால் அவர் நின்ற இடத்தை யோசித்துப் பாருங்கள். காலஸ் எங்கே மூச்சு வாங்குகிறார், எந்தச் சொல்லில் குரலைத் தாழ்த்துகிறார் என்பதையெல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் பார்க்கக் கிடைத்த இடம் அது. சம்பளமும் கொடுத்து யார் இப்படிப் பாடம் நடத்துவார்கள்?

இன்னொன்றும் நடந்தது. தன் குரல் இசையமைப்பாளர் வாக்னரின் கனமான வேடங்களுக்கே உரியது என்று சதர்லாந்து நம்பியிருந்தார். ரிச்சர்டு போனிங் என்ற இளம் பியானோ கலைஞரின் காதுக்கு அப்படிப் படவில்லை. இவரும் சிட்னிக்காரர்; 1954இல் இருவரும் மணந்துகொண்டார்கள். பிருகாக்கள் உதிரும் பெல்லினி, டோனிசெட்டி இசைக்குப் பிறந்த குரல் இது என்பது அவர் கட்சி. வாதாடிப் பயனில்லை என்று கண்டு, பியானோவின் கட்டைகள் தெரியாத இடத்தில் மனைவியை நிற்க வைத்தார். பயிற்சியின்போது, மனைவி நினைத்ததைவிட மேல் சுருதியில் வாசித்தார். ஒரு ஸ்வரத்தைக் கேட்ட மாத்திரத்தில் இன்னதென்று சொல்லும் காது சதர்லாந்துக்கு இல்லை. ஆகவே, தன்னால் எட்டவே முடியாது என்று அவர் சாதித்த உயரத்தைத் தெரியாமலேயே பாடி முடித்தார். இந்தச் சம்பவம் எனக்கு எப்போதும் பிடிக்கும். நம் எல்லையை நாமே வரைந்துவிடுகிறோம். அதை மீறிக் கேட்கிற ஒரு காது பக்கத்தில் வேண்டியிருக்கிறது.

இதற்கிடையே அரங்கம் கொடுத்ததையெல்லாம் சதர்லாந்து பாடினார். மொசார்ட், வெர்டி, 1955இல் மைக்கேல் டிப்பெட்டின் புத்தம் புது ஆப்பரா என்று வேடங்கள் தொடர்ந்தன. 1959 பிப்ரவரி 17 அன்று டோனிசெட்டியின் ‘லூசியா’ வந்தது. இசை நடத்தியவர் 80 வயதான துல்லியோ செராஃபின். இயக்கியவர் ஃபிராங்கோ செஃபிரெல்லி. மணநாள் இரவில் மாப்பிள்ளையைக் கொன்றுவிட்டுச் சித்தம் கலங்கி வரும் லூசியாவாக, மேடையில் ஓடியபடியே அத்தனை பிருகாக்களையும் உச்ச ஸ்வரங்களையும் பாடினார். அன்று முதல் உலகின் பெரிய அரங்குகள் அவரை அழைக்கத் தொடங்கின. அப்போது அவருக்கு வயது 32.

ஒரே இரவில் வந்த புகழ் என்று இதைச் சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த ஏழு ஆண்டுகளைக் காத்திருப்பு என்று சொல்லவும் மனம் வரவில்லை. லூசியாவுக்கு வேண்டிய மூச்சும் தெம்பும் அந்தச் சின்ன வேடங்களில்தான் சேர்ந்தன.

மாணவர்களே, முதல் வேலையில் உங்களுக்கும் க்ளோடில்டா வேடமே கிடைக்கலாம். அதை முழுக் குரலில் பாடுங்கள்; பக்கத்தில் நிற்கும் பெரியவர்களைக் கண்கொட்டாமல் பாருங்கள். பெற்றோர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த வருடமே பிள்ளையின் சம்பளத்தைப் பக்கத்து வீட்டோடு ஒப்பிடத் தொடங்கிவிடாதீர்கள். அவர்களுக்கும் ஓர் ஏழு ஆண்டு கொடுங்கள்.