சீகன்பால்கு: ஓர் அரிய ஜெர்மானியக் குடும்பப் பெயரின் தோற்றமும் இன்றைய நிலையும்



1706ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் தரங்கம்பாடியில் கரையிறங்கிய பர்த்தலோமேயு சீகன்பால்கு தமிழுக்கு ஆற்றிய பணிகளை இந்த அவை நன்கறியும். புதிய ஏற்பாட்டின் தமிழ் மொழிபெயர்ப்பு அவர் காலத்தில் 1715ஆம் ஆண்டுக்குள் அச்சாகி முடிந்தது. அவர் இலத்தீன் மொழியில் எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் வெளிவந்தது. 1719இல், 36ஆம் வயதில், தரங்கம்பாடியிலேயே அவர் மறைந்தார். இன்றைய உரை அப்பணிகளைப் பற்றியதன்று. அவர் தாங்கி வந்த பெயரைப் பற்றியது. தமிழ் நூல்களில் பல நூறு முறை அச்சாகியுள்ள அப்பெயர், அது பிறந்த ஜெர்மனியில் இன்று அரியதொரு குடும்பப் பெயராகவே வழங்குகிறது. அது எங்கிருந்து வந்தது, ஏன் அரிதாயிற்று, தமிழில் அது எவ்வுருவம் கொண்டது என்னும் மூன்று வினாக்களை நாம் ஆராய்வோம்.

குடும்பப் பெயர்கள் நிலைபெற்ற வரலாறு

ஜெர்மன் மொழி வழங்கும் நிலங்களில் தொடக்கத்தில் ஒருவருக்கு ஒரே பெயர்தான் இருந்தது. 12ஆம் நூற்றாண்டளவில் மேற்கிலும் தெற்கிலும் உள்ள நகரங்களில் இரண்டாவது பெயர் தோன்றிப் பரவலாயிற்று. நகரங்கள் பெருகின, நிலம், வரி, மரபுரிமை ஆகியவை எழுத்தில் பதியப்பட்டன. ஒரே தெருவில் பல யோகான்கள் வாழ்ந்தபோது, எந்த யோகான் வரி செலுத்தினார் என்பதை எழுத்தர் பிரித்துக் காட்ட வேண்டியிருந்தது. இத்தேவையே குடும்பப் பெயரின் தாய். அவ்வழக்கம் மெல்ல வடக்கிலும் கிழக்கிலும் பரவியது.

இப்பெயர்களை அறிஞர் ஐந்து வகையாகப் பகுப்பர். தந்தை பெயரால் அமைந்தவை, தொழிலால் அமைந்தவை, வாழ்ந்த இடத்தின் இயல்பால் அமைந்தவை, வந்த ஊரால் அமைந்தவை, பட்டப்பெயராய்த் தோன்றியவை என்பன அவை. இன்று ஜெர்மனியில் மிகுதியாக உள்ள முல்லர், ஷ்மிட், ஷ்னைடர், ஃபிஷர், வேபர் ஆகிய ஐந்தும் தொழிற்பெயர்களே. முறையே மாவாலைக்காரர், கொல்லர், தையற்காரர், மீனவர், நெசவாளர் என்பன அவற்றின் பொருள்.

எல்லா இடங்களிலும் இவ்வழக்கம் ஒரே காலத்தில் வேரூன்றவில்லை. வடகடலோரத்து ஃபிரீசிய நிலத்தில், நம்முடைய முறையைப் போலவே, தந்தையின் பெயரே அடுத்த தலைமுறையின் அடையாளமாயிற்று. யான் என்பவரின் மகன் ஹின்ரிக் யான்சென்; அவருடைய மகன் யான் ஹின்ரிக்ஸ். தலைமுறைதோறும் இரண்டாம் பெயர் மாறிக்கொண்டே சென்றது. 1811இல் நெப்போலியனின் ஆணை அங்கும் மாறாத குடும்பப் பெயரைக் கட்டாயமாக்கியது. அதற்கு முன்னரே, 1794இல், பிரஷ்யாவின் பொதுச் சட்டத் தொகுப்பு மனம்போல் பெயர் மாற்றிக்கொள்வதைத் தடுத்திருந்தது. 1876ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்து ஜெர்மன் பேரரசு முழுவதும் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவை அரசுப் பதிவேட்டில் ஏறின. பெயர்களின் எழுத்துருவும் பெரும்பாலும் அத்துடன் உறைந்துவிட்டது.

பெயரின் பொருள்

சீகன்பால்கு என்பது இரண்டு சொற்கள் இணைந்த தொகை. முதற்சொல் ‘சீகெ’. அதற்கு வெள்ளாடு என்பது பொருள். தொகையில் அது ‘சீகென்’ என்றாகிறது. இந்த ‘என்’ பழைய ஆறாம் வேற்றுமை ஈற்றின் எச்சம். ‘ஆட்டின் தோல்’ என்பதில் நாம் இடையே ‘இன்’ பெறுவதோடு இதனை ஒப்பிட்டு மாணவர்க்கு விளக்கலாம். இரண்டாம் சொல் ‘பால்க்’. விலங்கின் உடலிலிருந்து முழுதாக உரித்தெடுத்த தோல் என்பது அதன் பழம்பொருள். அப்படி உரித்த தோலைத் தைத்தால் பையாகும். காற்றை அடைத்து அமுக்கினால் கொல்லன் உலையை ஊதும் கருவியாகும். வீங்குதல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்த இச்சொல்லுக்கு ஆங்கிலத்தில் வயிற்றைக் குறிக்கும் ‘பெல்லி’யும் உலைத்துருத்தியைக் குறிக்கும் ‘பெல்லோஸ்’ என்பதும் உறவுச் சொற்கள்.

தமிழில் இதற்கு நேரான சொல் நம்மிடம் இருக்கிறது. அது ‘துருத்தி’. நீரோ பிற நீர்மமோ கொள்ளும் தோற்பையும் துருத்தி. கொல்லுலையில் காற்று ஊதுவதும் துருத்தி. இரு மொழிகளுக்கும் இச்சொல்லில் உறவில்லை. ஒரே பொருளைக் கையாண்ட இரு நாட்டுத் தொழிலாளரும் ஒரே வழியில் சொல்லை விரித்துள்ளனர். ஆகவே இப்பெயரை ‘ஆட்டுத்தோல்’ என்றும், சற்றே விரித்து ‘ஆட்டுத்தோல் துருத்தி’ என்றும் தமிழில் சொல்லலாம்.

ஒரு மனிதருக்கு ஆட்டுத்தோல் என்று எவ்வாறு பெயர் வந்தது? நம் இலக்கணத்தில் இதற்கு விடை உண்டு. ஒன்றன் பெயர் அதனோடு தொடர்புடைய மற்றொன்றுக்கு ஆகி வருவது ஆகுபெயர். ஜெர்மன் பட்டப்பெயர்களில் இம்முறை பெருவழக்கு. ஆணி செய்தவர் ‘நாகெல்’, அதாவது ஆணி என்றே அழைக்கப்பட்டார். மிளகு விற்றவர் ‘ஃபெஃபர்’, அதாவது மிளகு என்றே அழைக்கப்பட்டார். அவ்வாறே ஆட்டுத்தோலைப் பதப்படுத்தியவரோ விற்றவரோ அப்பொருளின் பெயரால் சுட்டப்பட்டார் எனக் கொள்வதே பொருத்தமாகும்.

இப்பெயர் தன் பிறப்பிடத்தையும் ஓரளவு காட்டிக்கொடுக்கிறது. தென்ஜெர்மனியில் வெள்ளாட்டுக்கு மரபாக வழங்கிய சொல் ‘கைஸ்’. ‘சீகெ’ என்பது நடு ஜெர்மனிக்குரிய சொல். 16ஆம் நூற்றாண்டில் லூத்தரின் விவிலிய மொழிபெயர்ப்பு வாயிலாகவே அது பொதுமொழியில் நிலைபெற்றது. சீகன்பால்கு 1682இல் பிறந்த புல்ஸ்னிட்ஸ் என்னும் சிற்றூர் சாக்சனி மாநிலத்தில் உள்ளது. அப்பெயருடையோர் இன்றும் சாக்சனியிலேயே செறிந்து காணப்படுகின்றனர். வட்டாரச் சொல்லும் ஊரும் ஒன்றையொன்று உறுதிப்படுத்துகின்றன.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. இன்றைய பேச்சு ஜெர்மனில் ‘பால்க்’ என்பது அடங்காத குழந்தையை இகழ்ந்து சுட்டும் சொல்லாகவும் வழங்குகிறது. அப்பொருளைப் பழைய பெயரில் ஏற்றிப் படிப்பது தவறு. ‘நாற்றம்’ என்பது நறுமணத்தைக் குறித்த காலத்துச் செய்யுளுக்கு இன்றைய பொருளை வைத்து உரை காண்பது போன்றது அது.

அருமைக்குக் காரணங்கள்

முல்லர் பெருகியதற்கும் சீகன்பால்கு அரிதானதற்கும் முதற்காரணம் தோற்றத்திலேயே உள்ளது. ஒவ்வோர் ஊரிலும் ஒரு மாவாலை இருந்தது. ஆகவே ஒன்றோடொன்று தொடர்பில்லாத பல நூறு குடும்பங்கள் தனித்தனியே முல்லர் ஆயின. ஆட்டுத்தோல் என்னும் பட்டப்பெயரோ ஓரிரு இடங்களில் மட்டுமே தோன்றியிருக்க இயலும். ஊற்றுகள் சிலவாயின், ஆறும் சிறிதாகும்.

இரண்டாம் காரணம் கணிதம் சார்ந்தது. 1873இல் இங்கிலாந்தின் பிரான்சிஸ் கால்டன், குடும்பப் பெயர்கள் ஏன் அழிகின்றன என்பதைக் கணக்காக அமைத்து வெளியிட்டார். ஹென்றி வாட்சன் விடை தேடினார். இருவரும் 1874இல் சேர்ந்து கட்டுரை எழுதினர். எல்லாப் பெயர்களும் இறுதியில் அழிந்தே தீரும் என்று வாட்சன் முடிவு கூறியது பிழை எனப் பின்னர்த் தெளிவாயிற்று. ஓர் ஆணுக்குச் சராசரியாக ஒன்றுக்கு மேற்பட்ட மகன்கள் இருப்பின் பெயர் நிலைக்க வாய்ப்புண்டு. ஆயினும் அவர்கள் திறந்த வழி இன்றும் பயன்படுகிறது.

ஓர் எளிய எடுத்துக்காட்டைக் காண்போம். பெயர் ஆண்வழியே செல்கிறது என்க. நால்வருள் ஒருவருக்கு மகன் இல்லை. இருவருக்கு ஒரு மகன். ஒருவருக்கு இரு மகன்கள் என்க. சராசரி ஒன்று. ஒரே ஒருவரிடம் தொடங்கிய பெயர் முதல் தலைமுறையிலேயே அற்றுப்போகும் வாய்ப்பு நூற்றுக்கு 25. இரண்டாம் தலைமுறைக்குள் அது 39. மூன்றாம் தலைமுறைக்குள் 48. எந்தப் போரும் பஞ்சமும் கொள்ளைநோயும் இல்லாமலே, ஏறத்தாழ பாதிப் பெயர்கள் பேரன்மாரைத் தாண்டுவதில்லை. 1618 முதல் 1648 வரை நடந்த முப்பதாண்டுப் போர் சாக்சனி உள்ளிட்ட நிலங்களின் மக்கள்தொகையைப் பெரிதும் குறைத்தது என்பதையும் சேர்த்து எண்ணினால், ஓர் அரிய பெயர் எஞ்சியிருப்பதே வியப்பாகும்.

மூன்றாம் காரணம் சட்டம். நீண்ட காலம் ஜெர்மனியில் மனைவியும் மக்களும் கணவரின் பெயரையே ஏற்றனர். 1976இல் மனைவியின் பெயரையும் பொதுப்பெயராகத் தேர்ந்தெடுக்க வழி பிறந்தது. தேர்வு செய்யாவிடின் கணவர் பெயரே நின்றது. அவ்விதியைக் கூட்டாட்சி அரசமைப்பு நீதிமன்றம் 1991இல் செல்லாதென்றது. 1994 முதல் இருவரும் தத்தம் பெயரை வைத்துக்கொள்ளலாம். 2025 மே முதல் இணையரும் மக்களும் இரட்டைப் பெயர் தாங்கவும் சட்டம் இடம் தருகிறது. மகள் வழியே ஓர் அரிய பெயர் தொடர்வதற்குத் தடையாக இருந்த சுவர் இவ்வாறு படிப்படியாக இறங்கியது. மறுபுறம், நகைப்புக்கோ இழிவுக்கோ இடந்தரும் பெயரை மாற்றிக்கொள்ளவும் ஜெர்மன் நிருவாக விதிகள் இசைகின்றன. பழம்பொருள் மறந்து புதுப்பொருள் முன்னிற்கும்போது, பொருள் மாற்றமே ஒரு பெயரைக் கைவிடக் காரணமாகிவிடுகிறது.

தமிழில் இப்பெயர்

இனி, நம் மொழி இப்பெயரை ஏற்ற விதத்தைக் காண்போம். சீகன்பால்க், சீகன்பால்கு என்று இருவகையாகவும் நூல்கள் எழுதுகின்றன. நாம் பின்னதையே பரிந்துரைக்கிறோம். காரணங்கள் மூன்று.

முதலாவது, வல்லினமெய் சொல்லின் இறுதியில் நில்லாது என்பது தொல்காப்பியம் தொட்டு வரும் மரபு. இறுதியில் உகரம் பெறும்போது பல்கு, நல்கு போன்ற சொற்களின் ஓசையோடு இப்பெயர் இயல்பாகப் பொருந்துகிறது. இரண்டாவது, உயிர்களுக்கிடையே வரும் ககரம் தமிழில் மென்மையாக ஒலிப்பதால், ‘சீகன்’ என்பதிலுள்ள ஜெர்மன் ஒலி தனிக்குறி ஏதுமின்றியே கிடைக்கிறது. மூன்றாவது, மெல்லினத்தை அடுத்த பகரம் ‘அன்பு’, ‘இன்பம்’ என்பவற்றில் எவ்வாறு ஒலிக்கிறதோ அவ்வாறே ‘ன்பா’ என்னுமிடத்திலும் ஒலிக்கிறது. ஜெர்மன் மூலத்தில் உள்ளதும் அவ்வொலியே. தமிழ் எழுத்துமுறை அயலொலிகளைக் காட்டமாட்டாது என்று கூறுவோர்க்கு இது நல்ல மறுமொழி.

இழந்தவையும் உள. பெயரின் முதலெழுத்து ஜெர்மனில் ட், ஸ் என்னும் இரண்டும் இணைந்து ஒலிப்பது. தமிழில் அது சகரமாயிற்று. ‘பால்க்’ என்பதிலுள்ள அகரம் மூலத்தில் குறில், தமிழில் நெடிலாயிற்று. இந்நெடிலால் ஒரு வழுவும் விளையக்கூடும். ஆட்டைக் குறிக்கும் சொல்லை அடுத்துப் ‘பால்’ என்று வருவதைக் கண்டு, ‘ஆட்டுப்பால்’ என்று மாணவர் பொருள் கூற முற்படலாம். ஒலி ஒற்றுமை ஒன்றையே கொண்டு சொற்பிறப்புக் கூறலாகாது என்பதை வகுப்பில் விளக்க இதனினும் நல்ல சான்று கிடைப்பதரிது.

நமக்குரிய பணி

ஜெர்மானியர் தம் குடும்பப் பெயர்களை மொழிச் சான்றுகளாகவே போற்றுகின்றனர். 2005ஆம் ஆண்டின் தொலைபேசி இணைப்புகளை அடிப்படையாகக் கொண்டு, எந்தப் பெயர் எந்த வட்டாரத்தில் செறிந்துள்ளது என்று காட்டும் பல தொகுதி நிலப்படநூல் அங்கு வெளிவந்துள்ளது. ஒரு பெயரின் இறுதி உரிமையாளர் மறைந்தாலும், அப்பெயர் தாங்கிய வட்டாரச் சொல்லும் தொழிலும் ஏட்டில் நிலைக்கும்.

நம் நிலை வேறு. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நாம் தந்தை பெயரையே இரண்டாம் பெயராகக் கொள்கிறோம். மாறாத குடும்பப் பெயர் இல்லாமை குறையன்று. ஃபிரீசியரும் அவ்வாறே வாழ்ந்தனர். ஆயின் அம்முறையில் பாட்டனார் பெயர் பேரனின் சான்றிதழில் இராது. அங்கே மூன்று தலைமுறையில் ஏறத்தாழ பாதிப் பெயர்கள் அழியும் எனக் கணக்கிட்டோம். இங்கே, எழுதி வைத்தாலொழிய, மூன்றாம் தலைமுறையில் எல்லாப் பெயர்களும் மறையும். சடையன், பொன்னாயி, காத்தாயி, மருதமுத்து போன்ற பெயர்கள் இன்றைய வகுப்பறை வருகைப் பதிவேட்டில் அரியவை. அவற்றுள் ஊர்த்தெய்வமும் மரமும் நிறமும் வேண்டுதலும் பொதிந்துள்ளன.

ஆசிரியப் பெருமக்கள் ஓர் எளிய பணியை மேற்கொள்ள வேண்டுகிறோம். ஒவ்வொரு மாணவரும் தம் வீட்டு மூத்தோரைக் கேட்டு, தந்தைவழியிலும் தாய்வழியிலும் நான்கு தலைமுறைப் பெயர்களை எழுதிவரட்டும். அவர்கள் வாழ்ந்த தோட்டத்தின் பெயரையும், தெரியுமாயின் புறப்பட்டு வந்த ஊரின் பெயரையும் அருகே குறிக்கட்டும். மூத்தோர் உச்சரித்தவாறே எழுதட்டும், திருத்த வேண்டா. பொருள் தெரியாத பெயருக்கு உடனே பொருள் புனையாமல், அதனை வினாக்குறியோடு விட்டுவைக்கட்டும். அவ்வாறு சேர்த்த ஏடு பள்ளி நூலகத்தில் இருக்கட்டும். கேட்க வேண்டிய மூத்தோர் இன்று நம்மிடையே உள்ளனர். ஆதலின் இப்பள்ளியாண்டிலேயே இப்பணியைத் தொடங்குவோம்.