அடுப்பும் ஆண்டவர் சித்தமும்

(பங்குக் குடும்பங்களின் மாலைக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



உயிர்த்த ஆண்டவர் திபேரியாக் கடற்கரையில் சீடர்களுக்குக் காட்சி கொடுத்தபோது கரி நெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் ஆயத்தமாக வைத்துக்கொண்டு காத்திருந்தார் என்று யோவான் நற்செய்தியின் 21-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். ஆகவே அடுப்பு நெருப்பைப் பற்றிக் கோயில் மண்டபத்தில் பேசுவது பொருந்தாது என்று யாரும் எண்ண வேண்டாம்.

குருக்களாகிய நாங்கள் ஆஸ்பத்திரியின் தீக்காயப் பிரிவுக்கு அழைக்கப்படுவது உண்டு. நோயில்பூசுதல் என்று திருச்சபை இன்று சொல்லும் அருட்சாதனத்தை நம் பெரியவர்கள் இன்னும் 'அவஸ்தை' என்றே சொல்கிறார்கள். அந்தக் கட்டிலருகே நிற்கும்போது பழைய சொல்தான் சரி என்று படுகிறது. எண்ணெய் பூச உடம்பில் இடம் தேட வேண்டியிருக்கும்.

முன்பு நாம் பணியாற்றிய ஒரு பங்கில், ஒரு வீட்டில் ஞானஸ்நான விருந்து. இடம் போதாமல் சாம்பார் அண்டாவைப் பின்கட்டில் தரையிலேயே இறக்கி வைத்திருந்தார்கள். அந்த வீட்டு மூத்த குழந்தை, வயது ஒன்றரை இருக்கும், விளையாட்டாகப் பின்னோக்கி நடந்து வந்து அதில் விழுந்துவிட்டது. தூக்கியவர்களில் ஒருவர் பற்பசையைத் தடவினார், இன்னொருவர் பேனா மையை ஊற்றினார், அதற்குமேல் மாவு. நாலு எட்டில் குழாய் இருந்தது. தண்ணீர் பட்டால் கொப்புளித்துவிடும் என்று ஒரு பாட்டியம்மா தடுத்துவிட்டார்கள். நான்காம் நாள் அடக்கம். கல்லறையில் அந்தத் தாய், "எல்லாம் ஆண்டவர் சித்தம்தானே, சாமி?" என்று கேட்டார். "ஆமம்மா" என்றோம். அழுகிற தாயிடம் வேறென்ன சொல்வது? ஆனாலும் அந்தப் பதில் இன்றுவரை நம் நெஞ்சில் முள்ளாகத் தைக்கிறது. ஆண்டவர் அந்த அண்டாவைத் தரையில் வைக்கவில்லை. அந்தத் தாயும் வைக்கவில்லை. வீடு நிறையப் பெரியவர்கள் இருந்தோம். அண்டா எங்கே இருக்கிறது என்று ஒருவரும் பார்க்கவில்லை. நாமும் முன்வாசல் பந்தியில்தான் உட்கார்ந்திருந்தோம்.

ஆகையால் தண்ணீரைப் பற்றி முதலில் சொல்கிறோம். நெருப்போ, கொதிநீரோ, எண்ணெயோ பட்டால், உடனே அந்த இடத்தைக் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். கடிகாரத்தைப் பார்த்து 20 நிமிடம். அதற்குள் கை ஓய்ந்துபோகும், பரவாயில்லை. சட்டி இறங்கிய பின்னும் அதன் சூடு சோற்றில் இருப்பதுபோல, தோலுக்குள் போன சூடு உள்ளே வேகவைத்துக்கொண்டே இருக்கிறது. அதைத் தண்ணீர்தான் வெளியே எடுக்கும். ஐஸ்கட்டி வேண்டாம், அது புண்ணை அதிகமாக்கும். குழந்தையானால் மற்ற உடம்பைத் துணியால் போர்த்திக்கொள்ளுங்கள், குளிர் தாக்கிவிடும். வீங்குவதற்குள் வளையல், மோதிரம், அரைஞாணைக் கழற்றுங்கள். தோலோடு ஒட்டிய துணியைப் பிய்க்க வேண்டாம். கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமான துணியால் மூடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். 108-க்குச் சொன்னால் வண்டி வரும். பற்பசையும் மையும் மஞ்சளும் சூட்டை உள்ளேயே அடைத்துவைக்கும். டாக்டர் அவற்றைச் சுரண்டி எடுத்த பிறகுதான் புண்ணையே பார்க்க முடியும்.

உடுத்திய துணியில் தீப்பிடித்தால் ஓடக் கூடாது. ஓடினால் காற்று பட்டுத் தீ வளரும். தரையில் படுத்து உருள வேண்டும், அல்லது பக்கத்தில் இருப்பவர் கனத்த கம்பளியால் மூட வேண்டும். வாணலி எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. அடுப்பை அணைத்துத் தட்டால் மூடுங்கள். கேஸ் வாடை வந்தால், அந்த வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும் என்பதை நினைவில் வையுங்கள். விளக்குச் சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்து, வெளியே வந்து 1906-க்குப் போன் செய்யுங்கள். ரப்பர் குழாயை ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். உங்கள் வீட்டுக் குழாய் எந்த ஆண்டு வாங்கியது என்று இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்?

பக்திக் காரியங்களிலும் அஜாக்கிரதை உண்டு. சுரூபத்தின் முன் மெழுகுதிரியை ஏற்றிவிட்டு ஜன்னல் திரையை அதன்மேல் பறக்க விட்டுத் தூங்கப்போகிறோம். கிறிஸ்துமஸ் குடிலில் காய்ந்த வைக்கோலைப் பரப்பி, அதன் நடுவே ஒட்டுப்போட்ட சீரியல் பல்பு ஒயரை இழுத்து, இரவு முழுக்க எரிய விடுகிறோம். கல்லறைத் திருநாளில் தரை நிறையத் திரிகள். முந்தானைகளும் பிள்ளைகளின் பாவாடைகளும் அவற்றின்மேல் உரசிக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டே எத்தனையோ முறை மந்திரித்திருக்கிறோம். நைலான் துணியானால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும்.

2004 ஜூலை 16-ஆம் நாள் கும்பகோணத்தில் பள்ளிக்கூடச் சமையற்கூடத்து நெருப்பு கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைக் கொண்டுபோனது. கீற்றுக் கொட்டகையின் கீழ் அடுப்பு வைத்திருப்பவர்கள் அதை மறக்க வேண்டாம்.

இன்னொன்று. சொல்லத் தயக்கமாக இருக்கிறது, சொல்லாமல் விட மனம் வரவில்லை. 'ஸ்டவ் வெடித்தது' என்று ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதப்படுவதெல்லாம் விபத்தல்ல என்பது அந்தக் கட்டில்களுக்கு அருகே நின்ற எங்களுக்குத் தெரியும். வீட்டில் பயமோ, சாகலாம் என்ற நினைவோ யாருக்கேனும் இருந்தால், எந்த நேரமானாலும் பங்களாக் கதவைத் தட்டுங்கள். விடிந்த பிறகு வரலாம் என்று இருக்க வேண்டாம்.

கடைசியாக ஆண்களுக்கு. ஆண்டவரே அடுப்பு மூட்டியிருக்கிறார்; நீங்கள் குழாயைப் பார்த்து மாற்றுவதால் மரியாதை குறைந்துவிடாது. இந்த ஆண்டு நம் கோயில் குடிலில் விளக்கு இருக்கும் பக்கம் வைக்கோல் இராது. புது ஒயர் போட்டாகிவிட்டது. கல்லறைத் தோட்டத்தில் மணல் வாளிகள் வைக்கும் பொறுப்பை வின்சென்ட் தே பவுல் சபையார் ஏற்றிருக்கிறார்கள். வருகிற ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் தீயணைப்பு நிலையத்தார் வந்து எண்ணெய்த் தீயை அணைத்துக் காட்டுவார்கள். முன்வரிசை நாற்காலிகள் வீட்டுத் தலைவர்களுக்கு. பிள்ளைகளைப் பின்னால் உட்கார வையுங்கள்.