எண்ணுக்குப் பக்கத்தில் எழுதியிருப்பது

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வைத்தியத் துறைக்குப் போன பழைய மாணவிகள் சார்பில் சில நிமிடங்கள் பேசும்படி சங்கத்தினர் கேட்டார்கள். சீனி வருத்தம் பற்றித்தான் பேசுவோம் என்று பலர் எதிர்பார்த்திருப்பீர்கள். அதற்கும் வருவோம். அதற்கு முன் சாதாரண தரத்து விஞ்ஞானப் பாடம் ஒன்றை ஞாபகப்படுத்த விரும்புகிறோம்.

கதவைப் பிணைச்சலுக்கு அருகில் தள்ளினால் கஷ்டம், கைபிடியில் தள்ளினால் இலேசு என்று படித்தோம். எவ்வளவு விசை, எவ்வளவு தூரத்தில் என்ற இரண்டையும் பெருக்கினால் திருப்பும் வலிமை கிடைக்கிறது. அதுதான் முறுக்கம். அதன் அலகு நியூட்டன் மீற்றர். ‘பொம்புளப் புள்ளைகளுக்கு இது எதுக்கு?’ என்று அப்போது கேட்டவர்கள் உண்டு. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் முறை இன்று எங்களுக்கு வந்திருக்கிறது.

எங்கள் ஊர்களின் வயலிலும் கடலிலும் ஓடும் இயந்திரங்கள் பல நாடுகளிலிருந்து வந்தவை. பழைய பிரித்தானிய உழவு இயந்திரத்தின் கைநூல், நட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதை அடி-இறாத்தலில் சொல்லும். பழைய ஜப்பானியக் கைநூல் கிலோகிராம் விசை-மீற்றரில் சொல்லும். இன்று கடையில் வாங்கும் டோர்க் ரென்ச்சில் பெரும்பாலும் நியூட்டன் மீற்றர் இருக்கும். மூன்றும் ஒரே விடயத்தைத்தான் சொல்கின்றன, ஆனால் எண்கள் வேறு.

முறுக்கத்தில் இரண்டு அளவுகள் சேர்ந்திருப்பதால் மாற்றும்போது இரண்டையும் மாற்ற வேண்டும். ஓர் இறாத்தல் விசை 4.448 நியூட்டன். ஓர் அடி 0.3048 மீற்றர். இரண்டையும் பெருக்கினால் ஓர் அடி-இறாத்தல் 1.356 நியூட்டன் மீற்றர். ஒரு கிலோகிராம் விசை-மீற்றர் 9.807 நியூட்டன் மீற்றர். கைநூலில் 75 அடி-இறாத்தல் என்று இருந்தால் ரென்ச்சில் ஏறக்குறைய 102 வைக்க வேண்டும். 75 என்றே வைத்தால் நட்டு முக்கால் பங்குதான் இறுகும், ஓட ஓடக் கழன்றுவிடும். கைநூல் 75 நியூட்டன் மீற்றர் என்று சொல்ல, ரென்ச்சில் 75 அடி-இறாத்தல் வைத்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிடும். போல்ட் இழுபட்டு முறியவும் கூடும்.

இது கராஜ் வேலை என்று நினைக்க வேண்டாம். முறிந்த எலும்புக்குத் தகடு வைக்கும் சத்திரசிகிச்சையிலும் இதே முறுக்கம்தான். ஒரு வகை 3.5 மில்லிமீற்றர் பூட்டுத் திருகாணியை 1.5 நியூட்டன் மீற்றருக்கு இறுக்குவார்கள். அந்த அளவு வந்ததும் கருவியே ‘கிளிக்’ என்று விட்டுவிடும். அதற்கு மேல் இறுக்கினால் திருகாணித் தலை தகட்டோடு இறுகிப்போய், பின்னர் கழற்ற முடியாமல் போகலாம். பல் வைத்தியத்தில் செயற்கைப் பல்லைப் பொருத்தும் திருகாணிக்குப் பெரும்பாலும் சொல்லப்படும் அளவுகளில் ஒன்று 35 நியூட்டன் சென்ரிமீற்றர். அதைக் கிலோகிராம் விசை-சென்ரிமீற்றர் என்று எடுத்துக்கொண்டால் ஏறத்தாழப் பத்து மடங்கு ஆகிவிடும். தாடை எலும்பு அதைத் தாங்காது.

படித்தவர்களுக்கு இது நடக்காது என்றும் சொல்ல முடியாது. 1999 செப்ரெம்பரில் நாசாவின் விண்கலம் ஒன்று செவ்வாய்க்குப் போய்ச் சேர்ந்த இடத்திலேயே அழிந்தது. தரையிலிருந்த ஒரு கணினி நிரல் இறாத்தல் விசை-செக்கனில் கணக்குக் கொடுக்க, மற்றது அதை நியூட்டன்-செக்கன் என்று எடுத்துக்கொண்டது. வித்தியாசம் நாலரை மடங்கு. பெருக்கல் தெரியாதவர்கள் அங்கே இருக்கவில்லை. எண்ணுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய அலகைச் சரிபார்க்க ஆளில்லாமல் போனது.

இப்போது சீனிக்கு வருவோம். எங்கள் ஆய்வுகூடங்கள் இரத்தச் சீனியைப் பெரும்பாலும் டெசிலீற்றருக்கு மில்லிகிராமில் தருகின்றன. லண்டனிலும் மெல்பேர்னிலும் லீற்றருக்கு மில்லிமோலில் தருகிறார்கள். அங்கே 7 என்பது இங்கே 126. மகன் அங்கிருந்து அனுப்பிய கருவியில் உம்மாவின் சீனி 12 என்று காட்டினால், ‘அல்லாஹ்வே, இவ்வளவு இறங்கிட்டே!’ என்று சீனித் தண்ணீர் கரைத்துக் கொடுக்க வேண்டாம். 18 ஆல் பெருக்குங்கள். 216. சீனி கூடித்தான் இருக்கிறது. இந்த 18 குளுக்கோசுக்கு மட்டும் உரியது. சிறுநீரகத்துக்குப் பார்க்கும் கிரியேட்டினினுக்கு 88.4. ஒன்றின் கணக்கை மற்றதற்குப் போடக்கூடாது.

எங்கள் உம்மம்மாமாருக்கு இது புதிதல்ல. நெல்லை மரைக்காலிலும் புசலிலும் அளந்தார்கள், மருதமுனைப் புடவையை யாரில் அளந்தார்கள், நகையைப் பவுணில் சொன்னார்கள். ஒரு பவுண் எட்டுக் கிராம் என்பது கணக்குப் படிக்காதவருக்கும் தெரியும். எந்தப் பொருளை எந்த அளவில் பேசுகிறோம் என்பதை அவர்கள் ஒருநாளும் சொல்லாமல் விட்டதில்லை.

தங்கச்சிமாரே, பரீட்சையில் அலகு எழுதாவிட்டால் ஒரு புள்ளி குறையும். வீட்டிலும் வைத்தியசாலையிலும் அந்த ஒரு புள்ளி ஓர் ஆளாக இருக்கலாம். எண்ணை எழுதும் கையாலேயே அலகையும் எழுதுங்கள். மாற்றினால், சிறிய அலகுக்கு எண் பெரிதாக வந்திருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். மருந்துத் துண்டிலோ கருவியிலோ அலகு தெளிவில்லாவிட்டால் கேளுங்கள். டொக்டரிடமும் கேளுங்கள். நாங்கள் கோபிக்கமாட்டோம்.

சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். நூற்றாண்டு நினைவாக விஞ்ஞானகூடத்துக்கு ஏதாவது வாங்குவதென்றால், ஒரு டோர்க் ரென்ச்சையும் பட்டியலில் சேருங்கள். அந்த ‘கிளிக்’ சத்தத்தை எங்கள் பிள்ளைகள் தங்கள் கையாலேயே கேட்கட்டும்.