அலையும் காற்றும்: கணக்கில் ஏறாத செல்வம்

(கடலோர மாவட்ட அலுவலர்களும் பொருளாதார மாணவர்களும் கலந்துகொண்ட கருத்தரங்கில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



நம் நாட்டுக் கடற்கரையின் நீளம் பல்லாண்டுகளாக 7,516 கிலோமீட்டர் எனக் கூறப்பட்டு வந்தது. நுண்ணிய அளவீட்டின் பயனாக அண்மையில் அது 11,098 கிலோமீட்டர் எனத் திருத்தப்பட்டுள்ளது. 9 மாநிலங்களும் 4 யூனியன் பிரதேசங்களும் இதில் பங்கு பெறுகின்றன. இக்கரையில் கிடைக்கும் மீனுக்கும் உப்புக்கும் கனிம மணலுக்கும் நாம் மதிப்புக் கணக்கிடுகிறோம். கரையில் உடையும் அலைக்கும் அதன்மேல் வீசும் காற்றுக்கும் அத்தகைய கணக்கு இல்லை. அக்கணக்கு ஏன் வேண்டும் என்பதே இன்று என் பேச்சின் பொருள்.

இயற்கையின் கொடை

அலைச்சறுக்குக்கு ஏற்ற நீண்ட அலைகளில் பல, அன்டார்க்டிகாவைச் சூழ்ந்த தென்பெருங்கடலின் புயற்காற்றால் எழுந்து, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து நம் கரையை அடைகின்றன. ஆழம் குறைந்த மணல் திட்டின்மேல் ஏறும்போது அவை நிமிர்ந்து உடைகின்றன. கர்நாடகத்தில் சாம்பவி ஆற்றின் முகத்துவாரத்தை ஒட்டிய முல்கி, கேரளத்தில் வர்க்கலை, கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் ஒரே பெயர் தாங்கிய இரு கோவளங்கள், மாமல்லபுரம், புதுச்சேரி, விசாகப்பட்டினம், சிறிய அந்தமான் தீவு ஆகியவை இவ்விளையாட்டுக்குப் பெயர் பெற்றவை. பட்டத்தால் இழுபட்டுப் பலகைமேல் செல்லும் விளையாட்டுக்கு இராமேசுவரத் தீவு ஏற்றது. அங்கு ஒரு பருவத்தில் தென்மேற்குக் காற்றும், மறு பருவத்தில் வாடையும் வீசுகின்றன.

முல்கியில் 2004-இல் ஓர் அலைச்சறுக்குக் கழகம் தோன்றியது. இந்திய அலைச்சறுக்குக் கூட்டமைப்பு 2011-இல் அமைந்தது. 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டு முதன்முறையாக இடம்பெற்றது. 2025-இல் மாமல்லபுரத்தில் நடைபெற்ற ஆசியப் போட்டியில் நம் வீரர் ரமேஷ் புதிஹால் வெண்கலப் பதக்கம் வென்றார்.

வருவாய் யாருக்கு?

பெரும் முதலீட்டை வேண்டாத தொழில் இது. சில பலகைகளும், கடலறிந்த பயிற்சியாளரும் இருந்தால் ஒரு பள்ளி தொடங்கிவிடலாம். கடலறிவு மீனவக் குடும்பங்களிடம் வழிவழியாக உள்ளது. கட்டுமரத்தில் அலையை ஊடுருவிச் சென்று, அதே அலையேறிக் கரை சேர்ந்தவர்களின் பிள்ளைகளே இன்று பல இடங்களில் பயிற்சியளிக்கின்றனர். விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடை நிலவும் காலத்தில் வேறு வருவாய் ஒன்று கிடைப்பது சிறிய செய்தியன்று.

ஆயினும் இவ்வருவாய் தானாகவே ஊர்மக்களைச் சென்றடையும் என எண்ணலாகாது. புகழ் வந்ததும் நிலத்தின் விலை உயர்கிறது, விடுதிகள் எழுகின்றன. படகு ஏற்றி வைக்கவும் கரைவலை இழுக்கவும் வலை உலர்த்தவும் பயன்பட்ட மணற்பரப்பு வேலிக்குள் சென்றுவிடக்கூடும். கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம் பற்றிய 2019-ஆம் ஆண்டு அறிவிக்கையில், மக்கள் அடர்த்தி மிகுந்த ஊரகக் கரைகளில் கட்டடத் தடைப் பரப்பு 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறைக்கப்பட்டது. எனவே மாவட்ட அலுவலரின் பொறுப்பு மேலும் கூடியுள்ளது.

புதுச்சேரி தரும் பாடம்

அலைச்சறுக்குக்கு உரிய அலை கடலடி மணலின் அமைப்பைச் சார்ந்தது. கிழக்குக் கரையின் இப்பகுதியில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1980-களின் இறுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்குக் கட்டப்பட்ட அலைத்தடுப்புச் சுவர்கள் இந்நகர்வை மறித்தன. தெற்கே மணல் குவிந்தது. வடக்கே நகரின் கடற்கரை கரைந்து, பாறைக் கற்களின் வரிசை மட்டும் எஞ்சியது. அரிப்பைத் தடுக்கப் போடப்பட்ட கற்களும் தூண்டில் வளைவுகளும் அரிப்பை மேலும் வடக்கே தள்ளின. பின்னர் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் திட்டப்படி, 2018-இல் நீருக்கடியில் எஃகுத் திட்டு அமைக்கப்பட்டு, நகரின் முன் ஓரளவு மணல் மீண்டது.

துறைமுகம் தேவையில்லை என்பது என் வாதமன்று. அதன் செலவுக் கணக்கில் இழந்த கரைக்கு ஓர் இடம் வேண்டும் என்பதே நான் வலியுறுத்துவது. விலையில்லாத பொருளைப் பயனற்ற பொருளாகக் கருதுவது பொருளாதாரத்தில் அடிப்படைத் தவறாகும்.

செய்ய வேண்டியவை

கடலோரக் கட்டுமானம் ஒவ்வொன்றிலும் மணல் நகர்வு, மீன்பிடிப்பு, கடல் விளையாட்டு ஆகியவற்றுக்கு நேரும் இழப்பை ஒப்புதலுக்கு முன்பே மதிப்பிட வேண்டும். பயிற்சிப் பள்ளி உரிமங்களில் உள்ளூர் மீனவர் கூட்டுறவுகளுக்கு முன்னுரிமை அளிக்கலாம். படகுத்துறையும் வலையிழுக்கும் கரையும் விளையாட்டுப் பகுதியிலிருந்து பிரித்து வரையறுக்கப்பட வேண்டும். ஐதராபாத்திலுள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் கள்ளக்கடல் எனப்படும் திடீர்ப் பேரலை குறித்து விடுக்கும் எச்சரிக்கை, பயிற்சியாளர் ஒவ்வொருவரையும் உடனுக்குடன் எட்ட வேண்டும். பயிற்சி பெற்ற உயிர்காப்பாளர் இல்லாத கரையில் பள்ளி நடத்த அனுமதி கூடாது.

பெரும் நிதியை வேண்டாத பணிகள் இவை. கோப்பு கையெழுத்தாவதற்கு முன் கரைக்குச் சென்று, அங்கு வாழ்வோரிடம் கேட்டறியும் பழக்கம் அலுவலரிடம் இருந்தால் போதும். இன்று மாணவராக அமர்ந்திருப்போரில் சிலர் நாளை அக்கோப்புகளை எழுதுவீர்கள். அப்போது அலைக்கும் மணலுக்கும் ஒரு பத்தி ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.