பால்மரமும் செயற்கைத் தோலும்



இன்றைய அங்கத்தை ஒரு கேள்வியோடு தொடங்கலாம். விடியும் முன்னே பெரட்டு முடிந்து, தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரக் காட்டுக்குள் போன ஒரு தோட்டத்துத் தாய், மரப்பட்டையை எவ்வளவு ஆழம் சீவ வேண்டும் என்பதை எப்படித் தெரிந்துகொண்டார்?

பட்டைக்குள் பால் ஓடும் குழாய்கள் இருக்கின்றன. அதற்கும் உள்ளே மரத்தை வளர்க்கும் மெல்லிய உயிர்ப்படலம் இருக்கிறது. அந்தப் படலத்துக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் இருக்கும்போதே கத்தி நின்றுவிட வேண்டும். மேலாக வெட்டினால் மங்கில் பால் நிறையாது. ஆழமாக வெட்டினால் மரத்துக்குக் காயம். மறுபட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். கங்காணியிடம் ஏச்சும் விழும். அரையிருட்டில் இதை எந்த அளவுகோல் அளந்து சொன்னது? கண் அல்ல. கத்தியின் வழியே விரல்களுக்கு வந்த உணர்வுதான் சொன்னது. அந்தத் தாயின் தோல் அந்த வேலையைப் படித்திருந்தது.

அந்தத் தோலை இன்று இயந்திரத்துக்குக் கொடுக்க முடியுமா என்று உலகத்தின் பெரிய ஆய்வுக்கூடங்கள் முயன்றுகொண்டிருக்கின்றன. மனித உருவ ரோபோவுக்கு உண்மையானது போன்ற செயற்கைத் தோல் செய்வதுதான் அந்த முயற்சி. இது ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் உரிய கதை, ஈப்போவில் இருப்பவருக்கும் சுங்கை சிப்புட்டில் இருப்பவருக்கும் இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். வேலை இருக்கிறது, நேயர்களே.

கோலகங்சாரில் நட்ட கன்று

1876-இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலில் இருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு சென்றார். முளைத்தவை சில ஆயிரமே. அவற்றில் 22 கன்றுகள் 1877-இல் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றில் ஒன்பது, பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோவின் பொறுப்பில் கோலகங்சாரில் நடப்பட்டன. அந்த முதல் கன்றுகளில் எஞ்சியது என்று கருதப்படும் ஒரு மரத்தை கோலகங்சாரில் இன்றும் பார்க்கலாம்.

அதன் பிறகு நடந்தது நம் மக்களின் வரலாறு. கங்காணி முறையில் தமிழ்நாட்டுக் கிராமங்களில் இருந்து கப்பலேறி வந்தவர்கள் காடழித்தார்கள், கன்று நட்டார்கள், பால் வெட்டினார்கள். லயத்து வீடும் பால் ஸ்டோரும் கோயிலும் தமிழ்ப்பள்ளியும் சேர்ந்த ஓர் உலகம் உருவானது. உலகத்து மோட்டார் வண்டிகளின் டயருக்கும் மருத்துவமனைக் கையுறைகளுக்கும் அந்தப் பால் போய்ச் சேர்ந்தது. 1990-ஆம் ஆண்டுவாக்கு வரையில் இயற்கை ரப்பர் உற்பத்தியில் மலேசியாதான் உலகத்தில் முதலிடம். பிறகு தாய்லாந்தும் இந்தோனேசியாவும் முந்திக்கொண்டன. பால்மரம் நின்ற இடத்தில் செம்பனை வந்தது; வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. மரத்தோடு சேர்ந்து மக்களும் இடம் பெயர்ந்தார்கள்.

தோல் என்பது வெறும் போர்வையா?

செயற்கைத் தோல் என்றதும் நம் நினைவுக்கு வருவது சினிமாதான். 1996-இல் 'அவ்வை சண்முகி'யில் கமல்ஹாசனை மாமியாக்கியது மைக்கேல் வெஸ்ட்மோரின் ஒப்பனை. 2010-இல் 'எந்திரன்' சிட்டி ரஜினியின் முகத்தோடு வந்தது. அங்கே தோலுக்கு ஒரே வேலைதான். பார்ப்பவர் கண்ணை நம்ப வைக்க வேண்டும்.

உண்மைத் தோலின் வேலை வேறு. நம் ஓர் உள்ளங்கையிலும் அதன் விரல்களிலும் மட்டும் தொடுதலை அறியும் நரம்பிழைகள் ஏறத்தாழ 17,000 இருக்கின்றன. சில மெல்லிய வருடலை அறியும். சில அழுத்தத்தை அறியும். சில அதிர்வை, சில தோல் இழுபடுவதை அறியும். சூட்டை அறியவும் வலியை அறியவும் தனி வாயில்கள் உண்டு. மிளகாயின் காரத்தையும் அடுப்பின் சூட்டையும் உடல் ஒரே வாயில் வழியாகத்தான் உணர்கிறது என்று கண்டறிந்த டேவிட் ஜூலியஸ், தொடுதலின் வாயிலைக் கண்டறிந்த ஆர்டெம் பட்டபூட்டியன் ஆகிய இருவருக்கும் 2021-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. மிளகாய் கடித்தால் 'சுடுகிறது' என்று குழந்தை சொல்வது தவறில்லை என்பதை அறிவியலும் ஒப்புக்கொண்டது!

ஆகவே ரோபோவின் தோல் இரண்டு தேர்வுகளில் தேற வேண்டும். பார்த்தால் தோலாகத் தெரிய வேண்டும். தொட்டால் தானும் உணர வேண்டும். முதல் தேர்வில் மட்டும் தேறிவிட்டு இரண்டாவதில் தோற்றால் என்ன ஆகும்? 1970-இல் ஜப்பானியப் பேராசிரியர் மசாஹிரோ மோரி இதைச் சொல்லிவிட்டார். அவர் காட்டிய உதாரணம் செயற்கைக் கை. பார்க்க அசல் கையைப் போலவே இருக்கும். குலுக்கியவுடன் சில்லென்று, எலும்பில்லாததுபோல் இருக்கும். அந்த நொடியில் மனம் கூசிப் பின்வாங்கும். ஒரு பொம்மை கொஞ்சம் மனிதனைப் போல் இருந்தால் பிடிக்கிறது. ஏறக்குறைய மனிதனாகவே இருந்து ஏதோ ஒன்று குறைந்தால் அச்சம் வருகிறது.

சிலிக்கோனும் ரப்பரும்

இன்று ரோபோ முகங்களுக்குப் பெரும்பாலும் சிலிக்கோன் ரப்பர் வகைகளையே பயன்படுத்துகிறார்கள். இது மரத்துப் பால் அல்ல. சிலிக்கானும் ஆக்சிஜனும் மாறி மாறிக் கோத்த இழைகளால் ஆன செயற்கைப் பொருள். இரண்டு திரவங்களைக் கலந்து அச்சில் ஊற்றினால் கட்டியாகும். நிறத்தை ஒன்றன்மேல் ஒன்றாகப் படலம் படலமாக ஏற்றலாம். வெளிச்சம் கொஞ்சம் உள்ளே புகுந்து திரும்புவதால் உயிருள்ள சதையின் மினுமினுப்புக் கிடைக்கும். ஒசாகா பல்கலைக்கழகத்தின் ஹிரோஷி இஷிகுரோ 2006-இல் தம்மைப் போலவே செய்த 'ஜெமினாய்டு' ரோபோ, டேவிட் ஹான்சனின் குழு 2016-இல் இயக்கிவைத்த 'சோபியா' ஆகியவை இந்த வழியில் வந்தவை.

மரத்துப் பாலை ஏன் விட்டுவிட்டார்கள்? இயற்கை ரப்பர் இழுவையில் கெட்டி. கிழிவதற்கு எளிதில் இடம் கொடுக்காது. அந்த விஷயத்தில் சிலிக்கோன் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. ஆனால் காற்றும் வெயிலும் பட்டால் இயற்கை ரப்பர் பழுப்பேறி வெடிக்கும். அதில் உள்ள புரதம் சிலருக்கு ஒவ்வாமை தரும். தோட்டத்தில் பழைய ரப்பர் செருப்பு என்ன ஆனது என்று பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. 2014-இல் அயர்லாந்து, இங்கிலாந்து ஆய்வாளர்கள் கடையில் விற்கும் சாதாரண ரப்பர் வளையங்களை வாங்கி, அவற்றை ஒரு திரவத்தில் உப்பவைத்து, கிராஃபீன் என்ற கரித்துகளை உள்ளே ஏற்றினார்கள். ரப்பருக்குள் மின்சாரம் ஓடியது. இழுத்தால் மின்தடை மாறியது. உடலில் ஒட்டி வைத்தால் மூச்சையும் நாடித்துடிப்பையும் அது கணக்கெடுத்தது. புத்தகக் கட்டுக்குப் போடும் ரப்பர் வளையம் உணரும் பொருளாகிவிட்டது! இங்கே மலேசிய ரப்பர் வாரியமும் சும்மா இருக்கவில்லை. புரதம் நீக்கிய ரப்பர் வகையையும், எண்ணெய்க்குத் தாக்குப்பிடிக்கும்படி வேதிமாற்றம் செய்த 'எக்கோபிரேனா' வகையையும் உருவாக்கியிருக்கிறது.

பத்து டாலர் கையுறை

உணரும் தோலில் ஆசியர்களின் பங்கு பெரிது. 2019-இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் பெஞ்சமின் டீயின் குழு, மனித நரம்பு மண்டலத்தைவிட ஆயிரம் மடங்கிற்கும் அதிக வேகத்தில் தொடுதலை அறியும் மின்னணுத் தோலை அறிவித்தது. தோலின் ஒரு பகுதி கிழிந்தாலும் மீதிப் பகுதி வேலை செய்யும்.

அதே 2019-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் சுப்ரமணியன் சுந்தரம் தலைமையில் ஒரு கையுறை வந்தது. பின்னல் கையுறை, அதில் 548 உணர்விகள். செலவு ஏறத்தாழ பத்து அமெரிக்க டாலர்தான். அதை மாட்டிக்கொண்டு 26 பொருள்களை எடுத்துப் பிடித்து, எந்தப் பொருளுக்கு விரல் எங்கே எவ்வளவு அழுத்துகிறது என்று பதிவு செய்தார்கள். அந்தப் பதிவைக் கணினிக்குப் படிப்பித்தார்கள். பிறகு கண்ணால் பார்க்காமலே, அழுத்தத்தை மட்டும் வைத்து, பிடித்திருப்பது எது என்பதைக் கணினி 76 விழுக்காடு வரை சரியாகச் சொன்னது.

நேயர்களே, இங்கே சற்று நில்லுங்கள். மனிதக் கையின் அறிவை ஒரு கையுறை வழியாக இயந்திரம் கற்றுக்கொள்கிறது. அப்படியானால் பால்வெட்டுத் தாயின் கை அறிவையும் ஒரு நாள் பதிவு செய்திருக்கலாம் அல்லவா? சீனாவின் ஹைனான் தீவில் பால் வெட்டும் இயந்திரங்களைச் சோதித்து வருகிறார்கள். அவற்றுக்குப் பெரிய சோதனையே அந்த ஒரு மில்லிமீட்டர்தான். படிப்பறிவில்லாதவர் என்று நாம் சொல்லி வந்த ஒரு பெண்ணின் விரலில் இருந்த படிப்பு எவ்வளவு பெரியது என்பது இப்போதுதான் புரிகிறது.

ரப்பரால் ஒரு பாதம்

செயற்கைத் தோல் பணக்காரர் விளையாட்டு அல்ல என்பதற்கு இந்தியாவே சாட்சி. 1960-களின் இறுதியில் ஜெய்ப்பூரில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் டாக்டர் பி.கே. சேத்தியும் சேர்ந்து ரப்பரால் ஒரு செயற்கைப் பாதம் செய்தார்கள். மேலை நாட்டுச் செயற்கைக் கால் சப்பாத்து போட்டு நடப்பவருக்காகச் செய்யப்பட்டது. வெறுங்காலோடு வயலில் நடப்பவருக்கும், சம்மணமிட்டு உட்காருபவருக்கும் அது உதவவில்லை. ஜெய்ப்பூர் பாதத்தின் வெளித்தோல் கந்தகம் சேர்த்து வேகவைத்த ரப்பர். நிறமும் வடிவமும் நம் காலைப் போல. சேற்றில் நடக்கலாம், மரத்திலும் ஏறலாம். சர்மா பெரிய படிப்புப் படித்தவர் அல்லர். சேத்திக்கு 1981-இல் மகசேசே விருது கிடைத்தது.

அதே 1981-இல் தமிழ்நாட்டில் நடந்த பேருந்து விபத்தின் பின் ஒரு காலை இழந்த நடனமணி சுதா சந்திரன், ஜெய்ப்பூர் காலோடு 1984-இல் மீண்டும் மேடை ஏறினார். அவர் கதை 'மயூரி' என்று படமானபோது அவரே நடித்தார். நம் வீடுகளில் பலர் கண்ணீரோடு பார்த்த படம் அது.

நமக்கு இதில் என்ன?

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். 2019-இல் நடந்த தேசிய சுகாதார ஆய்வு, மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு என்று கூறியது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையேதான் விகிதம் அதிகம். நீரிழிவு முற்றும்போது பாதத்தின் உணர்வு மரத்துப்போகிறது. ஆணி குத்தினாலும் தெரியாது. சிறு புண் பெரும் புண்ணாகிறது. கடைசியில் காலையே எடுக்க நேர்கிறது. தோலின் உணர்வு போவது என்றால் என்ன என்பது நம் சமுதாயத்துக்கு ஆய்வுக்கூடச் செய்தி அல்ல. பக்கத்து வீட்டுச் செய்தி.

ரோபோவுக்காகச் செய்யும் உணரும் தோல் இங்கேதான் மனிதனுக்குத் திரும்பி வருகிறது. 2018-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், செயற்கைக் கையின் விரல் நுனியில் உணர்வித் தோலைப் பொருத்தி, கையை இழந்தவரின் நரம்புக்கு அந்த உணர்வை அனுப்பிக் காட்டினார்கள். வட்டமான பொருள் எது, குத்தும் பொருள் எது என்று அவர் வேறுபாடு கண்டார். தோக்கியோ பல்கலைக்கழகத்தில் ஷோஜி டக்கேயுச்சியின் குழு 2022-இல் மனித உயிரணுக்களால் வளர்த்த தோலை ரோபோ விரலுக்குப் போர்த்தியது. 2024-இல் உயிரணுத் தோலால் ஆன ஒரு முகத்தைச் சிரிக்க வைத்தது. ஈரம் இல்லாவிட்டால் அந்தத் தோல் உலர்ந்துவிடும் என்பது இன்னும் தீராத குறை. ஆனாலும் தீப்புண் மருத்துவத்துக்கும் புதிய மருந்துகளைச் சோதிக்கவும் இந்த வழி உதவும் என்ற நம்பிக்கை இருக்கிறது.

அந்த முதல் கேள்விக்கே திரும்புவோம். ஈப்போவில் இருப்பவருக்கு இதில் என்ன வேலை? கம்பாரிலும் ஸ்ரீ இஸ்கண்டாரிலும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. தாத்தா காண்டா போட்டுப் பால் சுமந்த தீம்பாருக்கு அருகிலேயே பேரன் வேதியியலும் மின்னணுவியலும் படிக்க வாய்ப்பு இருக்கிறது. ரப்பர் விஞ்ஞானம் என்ற ஒரு துறை இருப்பதே நம் மாணவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? மருத்துவம், சட்டம் என்ற இரண்டு வாசல்களில் மட்டும் நம் பெற்றோர் வரிசை பிடித்து நிற்பது போதாதா?

சுங்கை சிப்புட்டின் மைந்தர் துன் சம்பந்தன், தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளரிடம் பத்து பத்து வெள்ளியாகச் சேர்த்தார். வெட்டுபவனே தோட்டத்துக்கு உரியவனாக வேண்டும் என்பது அவர் எண்ணம். அன்று மரம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி. இன்று அந்த மரத்தின் பாலைப் பற்றிய அறிவு யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி. முதல் கேள்விக்குப் பத்து வெள்ளி தேவைப்பட்டது. இரண்டாவதற்குப் புத்தகமும் பொறுமையும் தேவைப்படுகின்றன.

இன்று வீட்டில் பால்வெட்டிய பாட்டி ஒருவர் இருந்தால், அவர் கையைப் பிடித்துப் பாருங்கள். விரல் தடித்திருக்கும், உளி பிடித்த இடம் காய்த்திருக்கும். கத்தி எங்கே நிற்க வேண்டும் என்று எப்படித் தெரிந்தது என அவரிடம் கேளுங்கள். பக்கத்தில் பிள்ளைகளையும் உட்கார வையுங்கள். உலகத்து ஆய்வுக்கூடங்கள் தேடிக்கொண்டிருக்கும் பாடத்தின் முதல் பக்கம் நம் வீட்டுத் திண்ணையிலேயே கிடைக்கலாம்.