சராசரி மட்டும் போதாது: ஆண்டு விழாவுக்கு நாள் குறிப்பது எப்படி?

(நம் சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஆண்டு விழாவை வழக்கம்போல டிசம்பரில் வைப்பதா, தள்ளி வைப்பதா என்று பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. பந்தல், நாற்காலி, மைக் செட், சாப்பாடு என எல்லாவற்றுக்கும் முன்பணம் கொடுக்க வேண்டும். எல்லாம் நம் சந்தாப் பணம். நான் வானிலை நிபுணன் இல்லை. வங்கியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். பி.காம். பாடத்தில் வந்த புள்ளியியலே இதற்குப் போதும்.

முதலில் சராசரியைப் பார்ப்போம். சென்னையில் நவம்பர் மாதத்து மழை சராசரியாக 35 முதல் 40 செ.மீ. அளவில் இருக்கும். 2015 நவம்பரில் பெய்ததோ 100 செ.மீ.க்கும் மேல். அடுத்த ஆண்டே, 2016-இல், தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்துபோனது. இரண்டு ஆண்டுகளிலும் சராசரியை நம்பியவருக்கு ஏமாற்றம்தான்.

வங்கிக் கிளையில் ஒரு நாளைக்குச் சராசரியாக எவ்வளவு பணம் எடுக்கிறார்களோ, அவ்வளவு மட்டும் இருப்பு வைத்தால், பென்ஷன் வரும் நாளில் கவுண்டரில் சண்டைதான். எவ்வளவு ஏறும், எவ்வளவு இறங்கும் என்பதையும் பார்த்தே இருப்பு வைப்பார்கள். அந்த ஏற்ற இறக்கத்துக்குத்தான் சிதறல் என்று பெயர். அதை அளக்கும் கணக்கு திட்ட விலக்கம்.

இந்திய வானிலை ஆய்வுத் துறை, நாடு முழுவதற்குமான தென்மேற்குப் பருவமழை சராசரியில் 96 முதல் 104 சதவீதம் இருந்தால் 'இயல்பு' என்கிறது. தென் தீபகற்பத்தின் அக்டோபர்–டிசம்பர் மழைக்கு 88 முதல் 112 வரை இயல்பு. அங்கே 4 சதவீத ஏற்ற இறக்கம், இங்கே 12. நம் மழைக்கு மூன்று மடங்கு இடம் விட்டிருக்கிறார்கள்.

இப்போது ஒரு சிறு கணக்கு. எண்கள் விளக்கத்துக்காக நான் போட்டவை. 'அ' என்ற நாளில் ஐந்து ஆண்டுகளில் பெய்த மழை 8, 10, 12, 9, 11 மி.மீ. 'ஆ' என்ற நாளில் 0, 0, 2, 0, 48. இரண்டுக்கும் கூட்டுத்தொகை 50, சராசரி 10. திட்ட விலக்கம் 'அ'வுக்கு சுமார் 1.4, 'ஆ'வுக்கு சுமார் 19. எந்த நாளில் விழா வைப்பீர்கள்?

சிதறல் குறைவு என்று 'அ'வைப் பிடித்தால் ஐந்து ஆண்டும் நனைவோம். 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெய்தால்தான் அது மழை நாள் என்பது துறையின் கணக்கு. அப்படிப் பார்த்தால் 'ஆ'வில் ஐந்தில் ஒரு முறைதான் மழை. ஆகவே நாள் குறிக்க, எத்தனை மழை நாள் என்று எண்ண வேண்டும். மாற்று ஏற்பாடு எவ்வளவு வேண்டும் என்பதைச் சிதறல் சொல்லும். 48 மி.மீ. கொட்டினால் துணிப் பந்தல் தாங்காது. உள் அரங்கம்தான் வேண்டும்.

நம் வாரத்துக்கு இப்படிக் கணக்கு எடுக்கும்போது குறைந்தது 30 ஆண்டுப் பதிவு வேண்டும். இன்னொன்று: மழை அளவு காலை 8.30-க்கு, முந்தைய 24 மணி நேரத்துக்காக எழுதப்படுகிறது. ஞாயிறு மாலை பெய்த மழை திங்கட்கிழமை தேதியில் ஏறும். அந்தப் பதிவைத்தான் பார்க்க வேண்டும்.

மாற்று நாளாக மறுநாளையே வைப்பதில் பயனில்லை. காற்றழுத்தத் தாழ்வு வந்தால் மழை இரண்டு மூன்று நாள் நிற்காது. ஒரு வாரம் தள்ளி வைத்தால் இரண்டுக்கும் தொடர்பு குறைவு. ஐந்தில் ஒன்று என்ற ஆபத்து, இரண்டு நாளும் கெட்டுப்போவதற்குச் சுமார் இருபத்தைந்தில் ஒன்றாகக் குறையும்.

டிசம்பர் கடைசிக்குப் போகலாமா? 2021 டிசம்பர் 30 அன்று நகரின் சில இடங்களில் 20 செ.மீ.க்கு மேல் கொட்டியதை மறந்திருக்க மாட்டீர்கள். அதே ஆண்டு ஜனவரியில் பொங்கல் வரை மழை விடவில்லை. பிப்ரவரி, மார்ச் இரண்டிலும் மழை சராசரியும் குறைவு, மழை நாளும் குறைவு. மார்ச்சில் பிள்ளைகளுக்குப் பரீட்சை.

வெயிலுக்கும் இதே கணக்குதான். மே மாதத்தில் உச்ச வெப்பம் சராசரியாக 37 டிகிரி அளவில் இருக்கும். ஆனால் 2003 மே 31 அன்று 45 டிகிரியைத் தொட்டது. கடற்காற்று நேரத்தோடு வந்தால் தப்பிப்போம், தாமதமானால் கொதிக்கும். பிள்ளைகளையும் பெரியவர்களையும் சராசரியை நம்பி மைதானத்தில் நிறுத்த முடியாது.

ஆகவே என் யோசனைகள் மூன்று. ஆண்டு விழா பிப்ரவரி இரண்டாம் ஞாயிறு. மாற்று நாள் அடுத்த ஞாயிறு. முன்பணம் கொடுக்கும்போதே, மழை வந்தால் அதே தொகைக்கு மாற்று நாளில் செய்து தர வேண்டும் என்று பந்தல்காரரிடமும் சமையல்காரரிடமும் எழுதி வாங்க வேண்டும். கோடை விளையாட்டுப் போட்டிகளைக் காலை 9 மணிக்குள் முடித்துவிட வேண்டும்.

நாள் குறிக்கப் பழைய பதிவு. குறித்த நாளில் நடத்தலாமா என்று முடிவு செய்ய, அந்த வாரத்து வானிலை அறிக்கை. இரண்டையும் பார்த்துப் பொதுக்குழு முடிவெடுக்கட்டும்.